முன்னறையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்

வழக்கறிஞர் தொழில் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது உயர் நீதிமன்றத்தின் சிவந்த மாடங்களும், கருப்பு அங்கியணிந்து ஆங்கிலத்தில் முழங்கும் பெரியோர்களுமே. திரைப்படங்கள் வளர்த்த எண்ணம் அது. தாலுகா ஊர்களில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கி, மரமேசை ஒன்று, கட்டுகள் அடுக்கிய அலமாரி இரண்டு, குமாஸ்தா ஒருவர் என்ற அளவில் தொழில் நடத்துவோரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அத்தகைய முன்னறை ஒன்றில் யாம் கண்டறிந்த சிலவற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

யாம் என்பது இருவரைக் குறிக்கும். எம்மில் ஒருவர் வழக்கறிஞர். மற்றவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் அவ்வலுவலகத்தின் கணக்கையும் பதிவேடுகளையும் கவனித்து வருபவர். திருமணமாகி முப்பத்தோராண்டுகள் ஆகின்றன. இக்கட்டுரையை ஒருவர் எழுத மற்றவர் திருத்த, மீண்டும் முன்னவர் திருத்த, எந்த வரி எவருடையது என்று பிரிக்க இயலாதபடி ஆகிவிட்டது. கருத்து வேறுபட்ட இடங்களில் அதனையும் மறைக்கவில்லை.

எமது ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக்கு அண்மையில் உள்ளது. நெல்லும் வாழையும் விளையும் மண். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, புரோநோட்டுக் கடன், திரும்பி வந்த காசோலை, அண்மைக் காலமாக மிகுந்து வரும் கணவன் மனைவி வழக்குகள் ஆகியவையே எம்மிடம் வருபவை. பெருந்தொகை புரளும் வழக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதுவே அதிகம். எனினும் அரை ஏக்கர் வாழைத் தோட்டத்திற்காக வழக்காடும் விதவைத் தாய்க்கு அந்த அரை ஏக்கரே முழு உலகம். அது ஒரு தேதியால் பறிபோகக்கூடும் என்பதை அவ்வம்மை அறியார்.

ஆம், தேதியால்தான். வழக்கறிஞர் அலுவலகத்தில் நேரும் பெருங்கேடுகள் வாதத்தில் நேர்வதைவிட நாட்காட்டியில் நேர்வதே மிகுதி என்பது எமது அனுபவம். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஓர் எல்லை வகுத்துள்ளது. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டின்மீது வழக்குத் தொடர, எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுகள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாட்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். உயர் நீதிமன்றமாயின் 90 நாட்கள். தீர்ப்பின் நகலைப் பெறுவதற்குச் செலவாகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகல் மனுவை என்று போட்டோம், நகல் என்று தயாராயிற்று என்பதைக் குறித்து வைத்தவரே அவ்வாறு கழிக்க முடியும்.

மேல்முறையீட்டில் தாமதம் நேர்ந்தால், தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கோர 5-ஆம் பிரிவு இடந்தருகிறது. புதிதாகத் தொடுக்கும் வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை. மூன்றாண்டு முடிந்து ஒரு நாள் கழித்து வந்த புரோநோட்டை எத்தகைய இரக்கமுள்ள நீதிபதியும் காப்பாற்ற முடியாது. காசோலை வழக்கு இன்னும் கொடிது. காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்தபின் பணம் செலுத்த எதிர்த்தரப்புக்கு 15 நாட்கள். அதுவும் கழிந்தால் ஒரு மாதத்திற்குள் புகார் மனு. இந்த மூன்று கணக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது, அதே வாரத்தில் கோவில் கொடையும் மகளின் நிச்சயதார்த்தமும் வந்தால் குமாஸ்தாவின் நிலை என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது, அவ்வாண்டு மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டாமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கட்சிக்காரர்களுக்குப் பேருதவியாயிற்று. எமக்கோ ஒவ்வொரு கட்டையும் பிரித்து ஒவ்வொரு தேதியையும் புதிதாகக் கணக்கிடும் வேலை வந்து சேர்ந்தது. நீதிமன்றம் மூடிக் கிடந்ததால் வருமானமும் இல்லை; நேரம் மட்டும் தாராளமாக இருந்தது.

இனி நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. எமக்கு அடுத்த தாலுகாவில் இருபத்தைந்து ஆண்டுகள் தனியாகத் தொழில் நடத்தியவர். நேர்மையானவர், நினைவாற்றலில் எவரும் அவருக்கு நிகரில்லை. நாட்குறிப்பில் எழுதுவதைவிட மனத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்பார். எழுதினாலும் தமக்கு மட்டுமே விளங்கும் சுருக்கக் குறிகளில் எழுதுவார். 2017-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உணவுக்குப் பின் சாய்வு நாற்காலியில் அமர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 52.

அடக்கம் முடிந்த மறுநாளே வாசலில் கட்சிக்காரர்கள் வந்து நிற்கத் தொடங்கினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவருக்கு மறுநாள் வாய்தா. ஒருவர் தம் மூலப் பத்திரத்தைக் கொடுத்திருந்தார். ஒருவர் நீதிமன்றக் கட்டணத்திற்கென்று கொடுத்த பணம் கட்டப்பட்டதா என்று கேட்டார். நண்பரின் துணைவியார் வெள்ளைப் புடவையுடன் முன்னறையில் நின்று, எந்தக் கட்டு எங்கே இருக்கிறதென்று தமக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காட்சியை எம்மால் மறக்க முடியவில்லை. ஒரு கட்சிக்காரர் உரத்த குரலில் பேசியும்விட்டார். அலமாரியில் முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுகள். அவற்றுள் நடப்பில் உள்ளவை எவை, முடிந்தவை எவை என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை.

வழக்கறிஞர் இறந்தால் அவருக்குக் கொடுத்த வக்காலத்தும் முடிவுற்றதாகும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம். கட்சிக்காரர் வேறொருவரை நியமிக்க வேண்டும். சொல்வது எளிது. வழக்கறிஞர் இறந்த செய்தியே கட்சிக்காரரை எட்டவில்லை எனின்? மும்பையில் வேலை பார்ப்பவர், வளைகுடா நாட்டிலிருந்து ஆண்டுக்கொரு முறை வருபவர், முகவரி மாறியவர் என எத்தனையோ பேர். நண்பரின் குமாஸ்தாவும் யாமும் வேறு இரு வழக்கறிஞர்களும் மூன்று மாதங்கள் சனி, ஞாயிறுகளில் அமர்ந்து கட்டுகளைப் பிரித்தோம். அதற்குள் சில வழக்குகள் வராமையால் தள்ளுபடியாகிவிட்டன. சிலவற்றில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் ஆகிவிட்டது. 30 நாட்களுக்குள் மனுப் போட்டுப் பெரும்பாலானவற்றை மீட்டோம். ஒரு புரோநோட்டு மட்டும் அந்த மாதத்திலேயே காலாவதியாகியிருந்தது. அதற்குரிய பிராது எழுதி முடிக்கப்பட்டு, கையொப்பமும் வாங்கப்பட்டு, மேசை இழுப்பறையில் கிடந்தது.

அந்த மூன்று மாதங்களில்தான் ஓர் உண்மை எமக்குத் தெளிவாகியது. தனி ஒருவராக நடத்தும் அலுவலகத்தில் கட்சிக்காரரின் பாதுகாப்பும் வழக்கறிஞரின் உடல்நலமும் வேறு வேறு பொருள்கள் அல்ல. தேதியைப் பதிவேட்டில் எழுதுவதும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குவதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். இதனை மனைவி பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததாகவும், கணவர் அப்போதுதான் கேட்டதாகவும் ஒரு தரப்பு கூறும். மறு தரப்பு அதனை மறுக்கவில்லை.

அதன்பின் எமது அலுவலகத்தில் மூன்று இடங்களில் தேதி எழுதப்படுகிறது. நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும் நாட்குறிப்பு ஒன்று. மேசையைவிட்டு நகராத பெரிய பதிவேடு ஒன்று. மூன்றாவது சமையலறை நாட்காட்டி. பதிவேட்டில் கடைசித் தேதியைச் சிவப்பு மையிலும், அதற்குப் பதினைந்து நாட்களுக்கு முந்தைய தேதியை நீல மையிலும் எழுதுகிறோம். வேலை நடப்பது நீலத் தேதியில். சமையலறை நாட்காட்டியில் வழக்கின் பெயரை எழுதுவதில்லை. பதிவேட்டின் வரிசை எண் மட்டுமே. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடலாகாது என்னும் சட்டம் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடப்பிலுள்ள சட்டத்திலும் உண்டு. குமாஸ்தாவையும் அது கட்டுப்படுத்தும். காய்கறிக்காரம்மாள் சமையலறைவரை வந்து போகிறவர். ஆகவே எண் போதும். "அம்மா, 114 நாளைக்கா?" என்று குமாஸ்தா கேட்பார், சாம்பாரைக் கிளறியபடியே விடை கிடைக்கும்.

வக்காலத்தில் இப்போது இரண்டு பெயர்கள் இடம்பெறுகின்றன. அண்டைத் தெருவில் உள்ள இளம் வழக்கறிஞர் ஒருவர், அவரும் பெண்மணி, எமது கட்டுகளில் கையொப்பமிடுகிறார். அவருடைய கட்டுகளில் யாம். கட்சிக்காரரிடம் முன்னரே எடுத்துச் சொல்லி, இசைந்தால் மட்டுமே. இசையாதவர்களும் உண்டு. "எனக்கு உங்க முகந்தான் வேணும்" என்பர். அன்பினால் சொல்வதுதான், ஆயினும் அந்த முகத்துக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். கட்சிக்காரர் தரும் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டுமென்பதும், வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசலாகாது என்பதும், வழக்கு நடத்துவதற்காகக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கலாகாது என்பதும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள். முதலிரண்டும் யாவர்க்கும் விளங்கும். மூன்றாவது கடினமானது. ஏழை ஒருவர் வந்து நிற்க, நீதிமன்றக் கட்டணத்தைத் தம் பையிலிருந்து கட்டிவிட மனம் துடிக்கும். கட்டினால் வழக்கறிஞரே அவருக்குக் கடன்காரராகி, அவ்வழக்கில் தம் பணத்துக்காகவும் போராட நேரிடும். அப்படிப்பட்டவர்களை யாம் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புகிறோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் வருமான வரம்பு பாராமல் அங்கு உதவி கிடைக்கும். நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருந்தும் பலர் அதனை அறியார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லையென 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். பாக்கி வராமற்போனால் போகட்டும்; பத்திரம் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும்.

பத்திரங்களைப் பற்றி 2023 டிசம்பர் எமக்குப் பாடம் புகட்டியது. அம்மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இம்மாவட்டத்தார் மறக்க இயலாது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஆற்று நீர் எமது முன்னறையில் முழங்கால் அளவு நின்றது. மின்சாரம் இல்லை, இருட்டில் மெழுகுவர்த்தியுடன் அலமாரியின் கீழ்த் தட்டுகளிலிருந்து கட்டுகளை எடுத்துக் கட்டிலின் மேலும் பரண்மேலும் ஏற்றினோம். வாசலில் நீந்தி வந்த குமாஸ்தாவின் மகன் இல்லையெனில் பாதிக்கு மேல் போயிருக்கும். பின்னர் பத்து நாட்கள் வீடு முழுவதும் கொடி கட்டி, தாள் தாளாக உலர்த்தினோம். ஊற்றுப் பேனா மை கரைந்து நீலத் திட்டாயிற்று. பந்துமுனைப் பேனா எழுத்து பெரும்பாலும் நின்றது. பதிவு செய்த பத்திரமாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெற்றுவிடலாம். பதிவு செய்யாத உயில் அவ்வாறன்று. மூலம் போனால் நகல் தர எந்த அலுவலகமும் இல்லை. அன்றிரவு முதலில் எடுக்கப்பட்டது உயில்கள் இருந்த தகரப் பெட்டிதான். இப்போது கீழிரண்டு தட்டுகளில் எதுவும் வைப்பதில்லை. மூலப் பத்திரங்களைப் படமெடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாள்வரை உரியவரிடமே திருப்பித் தந்து ஒப்பம் வாங்கிக்கொள்கிறோம்.

2024 மே மாதத்தில், வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத் தேநீர்க் கடையில் அன்று சிலர் இனிப்பு வழங்கினர். எமக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை. கவனக்குறைவுக்காக இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. அவையெல்லாம் இருக்கட்டும். காலாவதியான அந்தப் புரோநோட்டின் உரிமையாளரான முதியவர் எவர்மீதும் வழக்குத் தொடரவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் பேருந்து ஏறிப் போய்விட்டார்.

ஆவணத்தைக் கவனியாமையால் ஒரு புனிதரே வழக்கறிஞர் தொழிலைவிட்டு வெளியேறிய வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நேப்பிள்ஸ் நகரத்துப் புனித அல்போன்சு லிகோரியார் 1723-இல் பெருஞ்சொத்து வழக்கொன்றை நடத்தியபோது, அவர் பார்க்கத் தவறிய ஆவணப் பகுதி ஒன்றை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டவே வழக்கில் தோற்றார். அத்தோடு நீதிமன்றத்தை விட்டகன்று குருவானார். மறையுரைகளில் இது இறையழைத்தலின் கதையாகச் சொல்லப்படுகிறது. வழக்கறிஞர் வீட்டில் இருந்து கேட்கும்போது, வாய்தாவுக்கு முந்தின இரவுகளில் அம்மனிதர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்றே கேட்கத் தோன்றுகிறது. அவர் விட்டகல முடிந்தது. மூன்று பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு நடுவே இருப்பவர் மறுநாளும் அங்கி அணிந்தாக வேண்டும்.

உறக்கத்தைப் பற்றி எமக்குள் இன்றளவும் இணக்கம் ஏற்படவில்லை. இரவு எட்டு மணிக்குமேல் எந்தக் கட்டும் திரையைத் தாண்டி வீட்டிற்குள் வரலாகாது என்பது விதி. சொத்து வழக்குகள் அவ்விதிக்குப் பணிகின்றன. குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்குகள் பணிவதில்லை. கட்டு முன்னறையில் இருந்தாலும், வழக்கு உணவு மேசைக்கு வந்து அமர்ந்துகொள்ளும். அத்தகைய வழக்குகளை ஏற்கவே வேண்டாமென்பது மனைவியின் கட்சி. ஏற்க யாராவது வேண்டுமல்லவா என்பது கணவரின் கட்சி. ஒரே நேரத்தில் இரண்டுக்குமேல் வேண்டாமென்பது இப்போதைய சமரசம். சென்ற ஆண்டு மருத்துவர் சர்க்கரையும் அழுத்தமும் ஏறியிருப்பதைக் காட்டி எச்சரித்தபின், கைப்பேசி இரவில் குமாஸ்தா வீட்டில் உறங்குகிறது. புதிய வழக்குகளில் ஏறத்தாழப் பாதியை மறுத்து வேறு வழக்கறிஞரிடம் அனுப்புகிறோம். வருமானம் குறைந்தது உண்மை.

மறுப்பது பிறரிடம் எளிது. உறவினரிடமும் அன்பியத்தாரிடமும் கடினம். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் படியிறங்கும்போது, "வக்கீலய்யா, ஒரு நிமிஷம்" என்று ஒருவர் கையைப் பற்றுவார். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று தலைமுறைச் சொத்துத் தகராறு விரியும். பத்திரம் கையில் இராது. பாதி விவரம் சொல்லப்படாது. அங்கே தலையசைத்தால், அதுவே வக்கீல் சொன்ன யோசனை என்று ஊர் முழுதும் பரவிவிடும். ஆகவே திங்கள் மாலை ஆறு மணிக்குப் பத்திரங்களுடன் வீட்டுக்கு வருமாறு சொல்கிறோம். சிலர் கர்வம் என்று எண்ணுகின்றனர். வந்தவர்களுக்குக் காப்பி கிடைக்கும். சொன்னதை எழுதிப் படித்துக்காட்டிக் கையொப்பமும் வாங்கப்படும்.

வழக்கு நடத்தும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அதனை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தாத் தேதியை இ-கோர்ட்ஸ் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம். வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளை இருந்தால் இரண்டு நிமிட வேலை. கேட்டால் வழக்கறிஞர் வருந்துவார் என எண்ண வேண்டாம். வாய்தாவைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்கள் கிடைத்ததே என்று யாம் மகிழ்வோம்.

பீரோவின் உட்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். வழக்கறிஞர் திடீரென இயங்க இயலாமற்போனால் முதலில் யாரை அழைப்பது, நடப்புக் கட்டுகளின் பட்டியல் எங்கே, கட்சிக்காரர் பணத்தின் கணக்குப் புத்தகம் எங்கே, வழக்கறிஞர் சேமநல நிதியின் உறுப்பினர் எண் என்ன என்பன அதில் உள்ளன. ஆண்டுக்கு இருமுறை திருத்தி எழுதுகிறோம். மனைவி நோயுற்றால் பதிவேட்டை யார் எழுதுவது என்ற வரி அதில் இன்னும் வெறுமையாக உள்ளது. கணவரின் கையெழுத்து அதற்குத் தகுதியற்றதென்று குமாஸ்தாவும் சொல்லிவிட்டார்.

அதே பீரோவில், மறைந்த நண்பரின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பழுப்பு உறையும் இருக்கிறது. உள்ளே 1974-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். அதில் கண்ட முகவரிக்கு இரண்டு முறை பதிவுத் தபால் அனுப்பினோம். இரண்டும் திரும்பி வந்தன. அந்த ஊர்ப் பங்குத் தந்தையிடம் குடும்பத்தின் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறோம். பேரன் ஒருவர் கோவையில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த மாதம் அங்கே ஒரு திருமணத்திற்குப் போகிறோம். உறையையும் எடுத்துச் செல்வதா, முதலில் ஆளைக் கண்டபின் அனுப்புவதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.